அக்கா வீட்டு மஞ்சள் கரு

சிரம்பான் டவுன் பக்கம் ரஹாங்கில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் வளர்க்கும் கோழிகளின் முட்டை. உடைத்தால் மஞ்சள் கரு செக்கச்செவேலென்று இருக்கும். டவுன் முட்டையின் கரு காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளிறிக் கிடக்கிறது என்று சொல்லி, போன வருஷம் எங்கள் கோழிகளில் இரண்டைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே அவற்றுக்கு சிரம்பான் கடையிலிருந்து உயர்ந்த ரகத் தீவனம். கொஞ்ச நாளில் கரு வெளுத்துவிட்டது. உடனே எனக்குப் போன் வந்தது.

"நல்ல கோழிய நீ வச்சிக்கிட்டு, மட்டமானத என் தலையில கட்டிட்டியா?"

"நீயா பாத்துப் புடிச்ச கோழிதானேக்கா. இங்க அதுங்க எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழத்த கொத்தித் தின்னும். அந்தச் சாயந்தான் கருவுல ஏறுது லா."

அவள் நம்பவில்லை. நானே ஒரு பை உதிர்ந்த பழம் கொண்டுபோய்ப் போட்டேன். கோழிகள் கொத்தின, மிதித்தன, வாசல் போர்ச் முழுக்க இழுத்துப் போட்டன. கரு சிவந்தது. அக்காவின் வெள்ளை டைல்ஸ் தரையும் சிவந்தது. கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

போன வாரம் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மாவைப் போர்ச்சில் நிறுத்தி, ஒரு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அக்கா.

"எல்லாம் நான் போடுற தீவனந்தான்."

 அந்தம்மா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து காலடியைப் பார்த்தார்.

"தரைக்கும் அதத்தான் போடுறீங்களா?"