ஜப்பான்காரன் கார் ஓட்டிய கலியாணசுந்தரம்

மலாக்காவின் காஜா பேராங்கில் கலியாணசுந்தரத்தைத் தெரியாதவர் இல்லை. வாய் அப்படி. அரிசிக் கிடங்கில் மூட்டை தைக்கிற வேலை. சாயங்காலம் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் மட்டும் ஜப்பான் ராணுவ மேஜரின் கார் டிரைவராகிவிடுவார்.

"என்னை விட்டா மேஜருக்கு ஆள் கிடையாது. மலாக்காவுல ஏறுனா சிங்கப்பூர்லதான் காலை எடுப்பேன்!"

ஜப்பான்காரன் ஆண்ட காலம் முழுக்க மனிதர் செங் கிராமத்துப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

தினமும் கேட்டவர்கள் மளிகைக்கடை சிஹாபுதீனும், சீன முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டிய தேவதாசும். தேவதாஸ் தொழில் தெரிந்தவர். கியரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் சாயம் வெளுத்திருக்கும். சிநேகிதனைச் சோதிப்பது அழகில்லை என்று கேட்கவில்லை.

ஐம்பத்தாறு பிப்ரவரியில், லண்டனிலிருந்து மலாயாவின் சுதந்திரச் செய்தியோடு தலைவர்கள் பண்டார் ஹிலிர் திடலுக்கு வந்தார்கள். அன்று காலை ஊரே அங்கே போய்விட்டது. டாக்சி, மூன்று சக்கர திரிஷா வண்டி எதுவும் இல்லை. தேவதாசும் நடந்தே போய்விட்டார். முதலாளியின் கார் தேவதாஸ் வீட்டு வாசலில் நின்றது.

அன்றைக்குப் பார்த்து சிஹாபுதீனின் மனைவி ஹலீமாவுக்குப் பிரசவ வலி கண்டது. பக்கத்துக் கிராமத்து மலாய் மருத்துவச்சியைக் கூட்டிவர சிஹாபுதீன் சைக்கிளை எடுத்தார். தேவதாசின் மனைவி கமலவேணி கார் சாவியோடு ஓடிவந்தாள்.

"பாய், தலைப்பிரசவத்துலயே கஷ்டப்பட்டாங்க. ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடலாம். கலியாணம் அண்ணன் காப்பிக்கடையிலதான் இருக்காரு."

சிஹாபுதீன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரை அழைத்துவந்தார்.

"அண்ணே, உங்களை நம்பித்தான்."

'எனக்கு ஓட்டத் தெரியாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் மருத்துவச்சி வந்திருப்பாள். கலியாணசுந்தரம் கையை நீட்டினார். சாவியை வாங்கினார். "ஏறச் சொல்லுங்க" என்றார். வலியில் துடிக்கிற ஒரு பெண்ணின் உயிரைவிட, காப்பிக்கடை நாற்காலி அவருக்குப் பெரிதாகப் பட்டது.

பின்சீட்டில் ஹலீமாவைக் கமலவேணி மடியில் சாய்த்துக்கொண்டாள். கார் உறுமியது, குதித்தது, நின்றது. மறுபடி குதித்தது. "மெதுவா, மெதுவா!" என்று பக்கத்திலிருந்த சிஹாபுதீன் கத்தினார். தெருமுனையில் திரும்பத் தெரியாமல் கார் விளக்குக்கம்பத்தை இடித்துச் சாக்கடையில் இறங்கியது. ஹலீமா முன்சீட்டில் மோதி நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

கலியாணசுந்தரம் முதலில் இறங்கினார். ஹலீமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. டயரை உதைத்து, "பிரேக் பிடிக்கல. தேவதாஸ் வண்டியை ஒழுங்கா வச்சுக்கல" என்றார்.

சிஹாபுதீன் மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினார். சாய்ந்து கிடந்த அந்தக் காருக்குள்ளேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தது மருத்துவச்சியின் கைராசி. தேவதாசுக்கு அந்த வாரமே வேலை போயிற்று. தன்னால்தான் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லக்கூட கலியாணசுந்தரத்துக்குக் கால் எழவில்லை.

ஹலீமாவுக்குப் பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்த பிறகு, ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நின்றார். அவளே வாசலுக்கு வந்தாள். நெற்றியில் தழும்பு சிவந்திருந்தது.

"அண்ணே, எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு உள்ள வாங்க. சோறு போடுறேன்."

அதைவிட மலிவாக யாருக்கும் மன்னிப்பு கிடைக்காது. கலியாணசுந்தரம் டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அது வந்து தங்கச்சி... அந்த வண்டியோட பிரேக்கு..."

ஹலீமா கதவைச் சாத்தினாள்.

அதன்பின் காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து ஆட்கள் எழுந்துபோனார்கள். சண்டை போடக்கூட ஒருவருக்கும் அவர் தகுதியானவராகப் படவில்லை. மறு வருஷம், சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு முன்பே, புக்கிட் ரம்பாய்க்குக் குடிபோனார். சாமான்களை மாட்டுவண்டிக்காரன் ஒருவன் ஏற்றினான். எந்த வீட்டிலிருந்தும் ஒருவரும் வெளியே வந்து பார்க்கவில்லை.