பாய்லர் பக்கத்தில் கறுத்த தண்ணீர்

நடுவட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் டீக்கடைக்கு வருகிறவர்களிடம் என் கணவர் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: இது சோலை ஊற்றுத் தண்ணீர். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நானும் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்து, பல் கூசச் சிரித்தவள்தான்.

அதனால், குடிநீரைப் பரிசோதிக்க எங்கள் மகளிர் குழுவிலிருந்து என்னை ஊராட்சியில் தேர்ந்தெடுத்தபோது, பேருக்கு ஒரு வேலை என்றே நினைத்தேன். பயிற்சி கொடுத்து, சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் அடங்கிய பெட்டியும் தந்தார்கள். பாட்டிலின் அடியில் மருந்து இருக்கும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடி, கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். கறுத்துப்போனால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தம். முடிவை போனில் உள்ள அரசுச் செயலியில் ஏற்ற வேண்டும்.

எங்கள் குளிருக்குக் கதகதப்பான இடம் கடை பாய்லர்தான். பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பிரித்துப் பார்த்தால், டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. யாரோ விளையாட்டுக்கு டீயை ஊற்றிவிட்டார்கள் என்று கணவரிடம் சண்டைக்கே போனேன். தான் அதைத் தொடவேயில்லை என்றார். மறுபடியும் எங்கள் குழாயிலும், பக்கத்து வீட்டிலும், மேட்டுத் தொட்டியிலும் பிடித்து வைத்தேன். எல்லாமே கறுத்தன.

தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, ஊற்றிலிருந்து குழாய் வரும் வழியே நடந்தேன். ஊற்றில் குறையில்லை, அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. கொஞ்சம் கீழே, புதிதாகக் கட்டியிருந்த தங்கும் விடுதியின் பின்னால் நாற்றம் அடித்தது. கக்கூஸ் குழி நிரம்பி வழிந்து, அந்தச் சேற்றுக்குள் எங்கள் குழாய் கிடந்தது. குழி தோண்டியபோது உடைந்திருக்க வேண்டும். உடைந்த இடத்தில் பழைய ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வால்வை அடைக்கச் சொல்லிவிட்டு, முடிவை போனில் ஏற்றினேன். சாயங்காலமே ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. குழாயைச் சரிசெய்துவிடலாம், அதன் பிறகு எடுக்கும் முடிவே போதும், இதை நீக்கிவிடலாம், சுற்றுலா சீசன் நேரம் பாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார்.

“கறுத்தத கறுத்துதுன்னுதானுங்க சார் போட முடியும். குடிச்சவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் மஞ்சள் காமாலை வந்து, ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாடுதான் காரணம் என்று எல்லோருமே பேசிக்கொண்டோம். நான் சொன்னதைக் கேட்டவள் இதைத்தான் சொன்னாள்:

“ஊட்டுக்கு வந்ததும் தண்ணி நெறையக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாருங்கக்கா. வேண்டாம் வேண்டாம்னுது புள்ள. நாந்தான் கொழாயில டம்ளர் டம்ளரா புடிச்சுக் குடுத்தேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் ஊராட்சி அலுவலகத்தின் முன் போய் உட்கார்ந்தோம். லாரியில் தண்ணீர் வந்தது. விடுதிக் குழியை மூடவைத்தார்கள். குழாயை வேறு வழியாகப் புதிதாகப் போட்டு, தொட்டியைக் கழுவி மருந்து கலந்தார்கள். நான் ஏற்றிய முடிவை யாரும் நீக்கவில்லை. இப்போதெல்லாம் பாட்டில்கள் கறுப்பதில்லை.

ஒவ்வொரு முறையும் முடிவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுகிறேன். தலையாட்டுகிறாள். ஆனாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் மகளுக்குக் கொடுக்கிறாள்.