சந்தனம் வைத்த தூண்

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் ஒரு சிறு பட்டறைக்கு நான் வரைபடங்கள் போட்டுக்கொடுத்தேன். படகுத்துறை ஓரத்து மிளகுக் கிடங்குகளில் இரும்புத் தூண்கள் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டைச் சூடாக்காமலே பிரஸ்ஸில் மடித்துத் தூண் செய்யலாம் என்பது முதலாளியின் யோசனை. தகடு மெல்லியது. அதனால் தூணின் விளிம்புகளை உள்பக்கமாக இன்னொரு மடிப்பு மடிக்கச் சொல்லியிருந்தேன். எவ்வளவு பாரத்தில் நெளியும் என்று கணக்கும் போட்டிருந்தேன். அதைச் சரிபார்க்க இரண்டு தூண்களை நசுக்கிப் பார்க்க வேண்டும்.

மடித்தவர் தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், என்னைவிட மூத்தவர். வேலை இன்னும் உறுதியாகவில்லை.

“தூண் நின்னா அண்ணாச்சியும் நிக்கட்டே,” என்றார் முதலாளி.

நசுக்கத்தான் போகிறோம் என்று இருவரிடமும் சொன்னேன். முதலாளி சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்தார்.

சோதனையன்று காலையில், கீழே ஜாக்கிக்கும் மேலே இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் தூண் நின்றது. முகம் இருக்கும் உயரத்தில் அண்ணாச்சி வைத்த சந்தனமும் குங்குமமும்.

“நிக்கும்லா சார்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“நல்லா மடிச்சிருக்கீங்க,” என்றேன். அது பதில் இல்லை.

ஜாக்கியை அழுத்த அழுத்தத் தூண் அசையாமல் நின்றது. என் கணக்கின் பாரம் நெருங்கியது. இப்போது நெளிய வேண்டும் என்று விரும்பினேன். அவருடைய வேலை அதில் தொங்குவது தெரிந்தும் விரும்பினேன். தகட்டில் சின்ன அலைகள் எழுந்தன. பொட்டுக்குச் சற்றுக் கீழே தூண் மடங்கியது. சிரித்துவிட்டேன். அண்ணாச்சி தூணைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடித்த மூலைகளை விரலால் தடவினேன். எங்கும் விரிசல் இல்லை.

“மடிப்புல பிசகு இல்ல, சேட்டா. எப்ப நெளியும்னு கணக்கு சொல்லிச்சோ அப்பதான் நெளிஞ்சிருக்கு,” என்றேன் முதலாளியிடம்.

“அப்போ நசுங்கினது நல்லதாணோ, சாரே?” என்றார் முதலாளி.

“நல்லதுதான்.”

“எந்தொரு வேலையப்பா இது. சரி, தூண் போச்சு. அண்ணாச்சி நிக்கட்டே.”

அண்ணாச்சி என்னைக் கும்பிட்டார். நான் இரக்கப்பட்டுப் பொய் சொன்னதாக நினைத்துவிட்டார். சாயா வாங்கிவந்தார். குடித்தேன். பிறகு அவர் துணியை நனைத்து, நசுங்கிய தூணிலிருந்த பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் அதைக் கழிவுத் தகடுகளோடு போட்டார்.

மறுநாள் இரண்டாவது தூணைக் கொண்டுவந்தார். முதல் தூணைவிட நேர்த்தி.

“பொட்டு வைக்கலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு சார்? இதையும் நசுக்கத்தான போறிய,” என்றவர், ஜாக்கியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார்.