டெம்போவின் நிகர எடை

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பூனையை எடை போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மாடிப்படிக் கம்பியில் தொங்கிய கொக்கித் தராசில் பாண்டுரங்கன் பழைய துண்டோடு ஒயர் கூடையை மாட்டினார். பிறகு தராசின் பொத்தானை அழுத்தினார். பிறகு, டெம்போ என்று அவர் பெயர் வைத்திருந்த சாம்பல் நிறப் பெண் பூனையைக் கூடைக்குள் இறக்கி, அது எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே அந்தத் துண்டைப் போர்த்தினார். சுகப்பிரியா ஒரு கையில் காபியும் மறு கையில் போனுமாகக் குனிந்து எண்ணைப் படித்தாள்.

"ரெண்டு இருநூறுப்பா."

"கூடை முன்னூத்தி அம்பது போச்சுன்னா, ஒண்ணு எட்டு அம்பது." நோட்டில் எழுதிக்கொண்டே கூடையைப் பார்த்துக் கேட்டார். "இன்னாடி துன்ற நீ, வெறும் காத்தா? இன்னும் நூத்தி அம்பது கிராம் வோணும்."

"அடுத்த வாரம் வந்துடும்பா," என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை காலை டீ குடித்துவிட்டு அவர் நெஞ்சைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயது.

ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுத்தபோது பாண்டுரங்கனின் ஒன்றரை ஏக்கரும் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சில், ஒரு தொழிற்சாலை வாசலில் எடை மேடைக்கு ஆளாக உட்கார்ந்தார். லோடோடு உள்ளே வரும் லாரியை ஒருமுறை நிறுத்தி எடை எடுக்க வேண்டும். இறக்கிவிட்டுக் காலியாக வெளியே போகும்போது மறுபடியும் எடுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. இருபத்திரண்டு வருடம் அவர் செய்தது இந்த ஒரு கழித்தலைத்தான். கிளீனரை உள்ளே வரும்போது வண்டியிலும் வெளியே போகும்போது கீழேயும் விட்டு எடையைக் கூட்டிக் காட்டுகிற டிரைவர்களை, டயர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர்.

பூனை வந்ததும் எடை மேடையிலிருந்துதான். ஒரு டாரஸ் லாரியின் தார்ப்பாய்க்குள்ளிருந்து செவலை நிறத்தில் ஒரு பூனை குதித்து, மேடையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். டாரஸ் என்றே பெயர். அது இரண்டு முறை குட்டி போட்டது. இரண்டாவது ஈத்தில் நான்கு. வீட்டுக்கு முன்னால் ஷிப்ட் பஸ்கள் திரும்புகிற ரோடு. மூன்று குட்டிகள் ஒரே மாதத்தில் அடிபட்டுப் போயின. ரோட்டிலிருந்து எடுத்து வந்து முருங்கை மரத்தடியில் புதைத்தது மூன்று முறையும் அவர் மனைவி சரோஜாதான். மிஞ்சிய ஒன்றுதான் டெம்போ.

மூன்றாவதைப் புதைத்துவிட்டுக் கை கழுவியபடியே சரோஜா சொன்னாள்: "இந்தாய்யா, நல்லா கேட்டுக்கோ. இன்னொரு ஈத்து இந்த வூட்ல நடந்துச்சின்னா, தாயி புள்ள எல்லாத்தையும் கோணில கட்டி ஏரிக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துருவேன். என்னால இனிமே குழி தோண்ட முடியாது."

அவள் சொன்னால் செய்வாள். பாண்டுரங்கனுக்கும் அது தெரியும்.

"இதோட கடைசி. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அன்று தொடங்கியது தேடல். முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனார். டாக்டர் நல்ல மனிதர். மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே, பூனைக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்க அங்கே வசதி இல்லை என்றார். மறைமலை நகரில் ஒரு தனியார் கிளினிக். ஏசி அறை, சுவரில் வெளிநாட்டு நாய்களின் படம். பெண் பூனை என்றால் எட்டாயிரம், ஸ்கேன் தனி என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். "லாரிக்கு எஃப்சி எடுக்கறதே சீப்பா கீதும்மா. ரெண்டு பூனை, பதினாறாயிரம். அந்த எடத்துல டாரஸ் வாயத் தொறந்து கத்துச்சி பாரு, அதுக்கே வெல புரிஞ்சிருக்கு."

வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த நான்கு அறைகளில் ஒன்றில் இசக்கிசெல்வி இருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். கார்களுக்கான ஒயர் ஹார்னஸ் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "பூனைக்குமா ஐயா குடும்பக் கட்டுப்பாடு? எங்கூர்ல இதச் சொன்னா என்னிய ஒரு மாதிரி பாப்பாவ." சிரித்தவளே தன் கம்பெனியில் விசாரித்து ஒரு போன் நம்பரும் கொண்டுவந்து கொடுத்தாள். குன்றத்தூரில் ஓர் அறக்கட்டளை மாதத்தின் கடைசி சனிக்கிழமை கருத்தடை முகாம் நடத்துகிறது. பெண் பூனைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். முன்பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கூடாது. எடை இரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது.

முதல் முகாமில் டாரஸுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. டெம்போவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தராசில் ஒரு கிலோ நானூறு.

"ஓவர்லோடுன்னு வண்டிய திருப்பி அனுப்புவானுங்க, பாத்துகீறேன். அண்டர்லோடுன்னு திருப்பி அனுப்பறத இப்பத்தான் பாக்கறேன்," என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகப்பிரியா மறைமலை நகரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். தொழிற்சாலைகளிலிருந்து வரும் தராசு, கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் சோதித்து, இவ்வளவு பிழை என்று சான்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அவள்தான் அந்தக் கொக்கித் தராசை வாங்கி, ஆய்வுக்கூடத்தில் படிக்கல் வைத்துச் சோதித்து, அப்பாவிடம் கொடுத்தாள். ஐந்து கிராம்கூடப் பிசகவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் கழித்து எழுதியது ஒன்று நூற்றைம்பது.

"முகாம்ல ஒண்ணு நானூறு சொன்னாங்களேப்பா?"

"அவுங்க மெஷினுக்கு முத்திரை போட்டுகீதான்னு யாரு பாத்தா? நம்மளுது நீ டெஸ்ட் பண்ணது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பின்னால் பல நாள் அவளுக்கு நினைவு வந்தது.

அதிலிருந்து ஒன்பது ஞாயிறு. நோட்டில் மூன்று கட்டங்கள்: மொத்தம், கூடை, நெட். இரண்டு முகாம்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் அவரே போன் செய்து, "இன்னும் வெயிட் ஏறலம்மா, அடுத்த மாசம் கொண்டாரேன்," என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டாவது முகாம் நடந்த மறுநாள்தான் அவர்கள் சேர்ந்து எடை போட்ட அந்தக் கடைசி ஞாயிறு.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள், அவர் போனுக்குக் குன்றத்தூர் அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. சுகப்பிரியா எடுத்தாள்.

"சார் இருக்காரா? டெம்போவுக்கு வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை இடம் வெச்சிருக்கோம். ரெண்டு கிலோ ஆயிடுச்சான்னு கேக்கத்தான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த பெண் வருத்தம் சொன்னாள். பிறகு, "எடை மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்," என்றாள்.

சுகப்பிரியா நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். எடை போடுமுன் பூஜ்யம் பார்ப்பது அவள் கைப்பழக்கம். தராசின் பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகு துண்டோடு காலிக் கூடையை மாட்டினாள். முந்நூற்று ஐம்பது. சரி. பூனையை வைத்தாள். இரண்டு கிலோ எழுநூறு. கழித்தால் இரண்டு முந்நூற்று ஐம்பது.

மூன்று வாரத்தில் அரைக் கிலோ ஏறாது. பூனையை இறக்கிவிட்டாள். மறுபடி போட்டாள். அதே எண். அப்பா எப்படிச் செய்வார் என்று யோசித்தாள். முதலில் கூடையை மாட்டுவார். பிறகுதான் பொத்தான். பேட்டரி வீணாகக் கூடாது என்பார். அவள் அப்படியே செய்து பார்த்தாள். காலிக் கூடை தொங்கிக்கொண்டிருக்க, தராசு பூஜ்யம் காட்டியது.

பொத்தானை அழுத்தும்போது எது தொங்குகிறதோ அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிற தராசு. கூடையை அது ஏற்கெனவே கழித்துவிட்டது. அவர் இன்னொரு முறை கழித்தார்.

எடை மேடையில் காலி எடையைத் தானே கழிக்காமல் அவர் எதையும் எழுதியதில்லை. அவளோ தராசைக் கொடுத்தபோது படிக்கல்லின் சான்றைப் பற்றிப் பேசினாளே தவிர, பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி ஞாயிறு எண்ணைப் படித்ததும் அவள்தான். ரெண்டு இருநூறு. அது கூடை இல்லாத எடை. போன மாத முகாமிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

இசக்கிசெல்வி இரவு ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தராசைப் பற்றிச் சுகப்பிரியா அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"அக்கா, இவ வயித்த பாத்தியளா? அம்மாவுக்கு வேற தெரியாம இருக்கணுமேன்னு நெனச்சேன். நீங்க காரியத்துல இருந்தப்ப ஒரு கடுவன் பூனை வந்து ராவெல்லாம் கத்திக்கிட்டு கெடந்துச்சி."

சுகப்பிரியா பூனையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அவள் கைக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தெரியும். இது தெரியவில்லை.

முகாமுக்கே போன் செய்தாள். தொடக்கமாக இருந்தால் செய்துவிடலாம், தள்ளிப் போயிருந்தால் டாக்டர் பார்த்துத்தான் சொல்வார், எப்படியும் கொண்டு வாருங்கள் என்றார்கள். பத்து நாள் டெம்போவை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். சரோஜா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்.

"அந்த மனுசன் போன வாரம் வரைக்கும் வெயிட் ஏறலன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப எப்படி திடீர்னு ஏறிச்சி?"

'போன வாரம்' என்றாள் அம்மா. மூன்று வாரம் ஆகியிருந்தது. சுகப்பிரியா திருத்தவில்லை.

"தராசுல கோளாறும்மா."

"அதான பாத்தேன். அவரு கணக்குல தப்பு வராது."

நல்ல நிலையில் இருக்கும் கருவியைப் பழுது என்று சுகப்பிரியா சொன்னது அதுவே முதல் முறை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பதிவு தவறாக இருந்தால் மேலே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நோட்டில் ஒன்பது வரிகள் இருந்தன. அவள் எதன் மீதும் கோடு போடவில்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கே எழுந்தாள். முதல் நாள் எட்டு மணிக்கு மேல் டெம்போவுக்கு எதுவும் வைக்கவில்லை. ஒயர் கூடைக்கு மேல் அதே துண்டைப் போட்டுச் சுற்றிக் கட்டினாள். சரோஜா வாசல் வரை வந்தாள்.

"குட்டி கிட்டி கீதுன்னு சொன்னாங்கன்னா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சொன்னா கூப்புடறேம்மா."

"கூப்புடு." அவ்வளவுதான் சொன்னாள். கோணி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

குன்றத்தூரில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் முகாம். பெஞ்சுகளில் கூடைகளோடும் அட்டைப்பெட்டிகளோடும் பதினைந்து பேர். அறைக்குள்ளிருந்து பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "பாண்டுரங்கன் டெம்போ," என்று கூப்பிட்டாள். லாரி டிரைவர் மாதிரி இருந்த ஒருவர், வண்டிப் பெயர் என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தார்.

டாக்டர் டெம்போவை மேசையில் படுக்க வைத்து இரண்டு விரல்களால் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார்.

"குட்டி இல்ல. நல்லா சோறு போட்டிருக்கீங்க, அதான் வயிறு. பண்ணிடலாம்."

"தேங்க்ஸ் டாக்டர்," என்றாள். சொல்ல நினைத்தது வேறு என்னவோ.

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டெம்போவைத் தங்கள் தராசில் எடை போட்டு, கம்பிக்கூண்டுக்கு மாற்றி உள்ளே எடுத்துப் போனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். சுகப்பிரியா வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா ஒரே மணியில் எடுத்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லியாம். உள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க."

சரோஜா மூச்சை விடுவது கேட்டது. பின்னால் ஒரு ஷிப்ட் பஸ் திரும்பும் சத்தமும் கேட்டது.

"வெயிட்டு?"

"ரெண்டு நானூறும்மா."

"கூடையோடவா?"

"இல்லம்மா. கூடை என் கையில கீது."