ரெண்டு மாஸ்டர்ஸும் ஒரு செக்பொயின்ட்டும்

இண்டைக்குக் காலமை வெள்ளவத்தையில பஸ் ஏறினதில இருந்து பக்கத்து வீட்டு அன்ரி என்ர படிப்பைத்தான் விசாரிச்சுக்கொண்டு வந்தவ. பொது நிர்வாகமும் தகவல் முறைமையும் ஒண்டாப் படிச்சு ரெண்டு மாஸ்டர்ஸ் எடுக்கலாம் எண்டதில அவவுக்குப் பெரிய சந்தோசம். மகனையும் சேர்க்கோணுமாம்.

பம்பலப்பிட்டி செக்பொயின்ட்டில எல்லாரையும் இறக்கினாங்கள்.

அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு இருந்ததைப் பாத்திட்டு, என்ன செய்யிறாய் எண்டு ஆமிக்காரன் கேட்டான். "ஸ்டூடன்ட்" எண்டு சொல்லிட்டு வாயை மூடியிருக்கலாம். நான் மடையன், அன்ரி ஏத்திவிட்ட பெருமையில ரெண்டு படிப்பையும் சிங்களத்தில விளங்கப்படுத்தினன்.

"அரசாங்கம் எப்பிடி நடக்குது எண்டும் படிக்கிறாய், அதின்ர கொம்பியூட்டரையும் படிக்கிறாய். ஆருக்காக?" எண்டான்.

பிறகு எனக்குப் பின்னால நிண்ட அன்ரியைக் கேட்டான், "இவனைத் தெரியுமோ?"

"நே மாத்தயா, தெரியாது" எண்டிட்டு அன்ரி பஸ்ஸில ஏறிட்டா. பஸ்ஸும் என்னை விட்டிட்டுப் போயிட்டுது.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் வந்து என்னைத் தெரியும் எண்டு சொல்லுமட்டும் ஆமி விடேல்லை, வெயிலுக்க நிண்டனான்.

பின்னேரம் அன்ரி போன் எடுத்தவ. ஒண்டும் நடக்காத மாதிரி, "தம்பி, அந்த ரெண்டில எது கெதியா வெளிநாடு போக உதவும்?"

"படிப்பைப் பிறகு பாப்பம் அன்ரி. மகனை ஆமி இறக்கினா, அவனைத் தெரியும் எண்டு சொல்ல முதல்ல ஒராளைப் பிடிச்சு வையுங்கோ. நான் சொல்லமாட்டன்."

போனை வச்சிட்டா.

நான் சொன்னது கூடிப்போச்சோ? அன்ரியிட்ட மன்னிப்புக் கேள் எண்டு இதுக்குக் கீழ கொமென்ட் எழுத வாறவை, நாளைக்கு என்னோட அதே பஸ்ஸில வாங்கோ.