ஒன்பது பேருக்கு இரண்டு அடுப்பு

“மாமா… அவரு… முதஸ்ஸிரு… மெஹக்கு…”

அரிசி டிரம்முக்குள் கை நுழையும்போதே ஷாகிதாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். ஒரு பெயருக்கு ஒரு டம்ளர். பெரியவர்கள் என்றால் குவித்து, பிள்ளைகள் என்றால் தலைதட்டி. மாமனார் ஷேக் தாவூதில் தொடங்கும் வரிசை கணவர், கொழுந்தன் முதஸ்ஸிர், அவன் மனைவி மெஹக் என்று இறங்கி, தன் பிள்ளைகள் அஃப்ரா, ஜுனைத், சனாவைத் தொட்டு, மெஹக்கின் மகள் ஹனியாவிடம் வந்து நிற்கும். கடைசியில், “அப்புறம் நானு.” அந்த டம்ளர் குவிவதும் இல்லை, தலைதட்டுவதும் இல்லை. கைக்கு வந்த அளவு.

ஷாகிதாவுக்கு எண் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். “நம்பரு நடுவுல நழுவிடும். ஆளு நழுவ மாட்டாங்க” என்பது அவளுடைய கணக்கு. பூந்தமல்லி கடைத்தெருவில் இரண்டு ஜவுளிக்கடைகள் அவளிடம் சேலைக்குக் குஞ்சம் கட்டக் கொடுக்கின்றன. அந்த வேலையிலும் இதே வாய்ப்பாடுதான். ஒரு குஞ்சத்துக்கு ஒரு பெயர். ஒன்பது பெயர் முடிந்தால் ஒரு ‘ஊடு’, அதாவது ஒரு வீடு. சாதாரண முந்தானைக்கு ஒன்பது ஊடு, அகலப் பட்டுக்குப் பத்து. கடைக்காரர்களும் இப்போது அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள். “எத்தினி ஊடு முடிஞ்சுதும்மா?” என்று ஃபோனில் விசாரிப்பார்கள்.

மாதத்தின் முதல் வாரம், ரேஷன் கடை திறக்கும் முன்பே இரண்டு நைலான் பையோடு போய் நின்றுவிடுவாள். எடை போடும் கஜபதி அவள் அட்டையைத் தேய்த்ததும் திரையில் நீளும் பெயர்களைப் பார்த்து மாதம் தவறாமல் கேட்பார்.

“இன்னாக்கா, கல்யாண மண்டபம் எதுனா நடத்துறியா?”

“ஆமா அண்ணாத்தே. மொய் வெக்காத துன்ட்டுப் போறது நீ ஒருத்தன்தான்.”

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மழைக்காலத்தில் அந்த ஒலிச்செய்தி வந்தது. முதஸ்ஸிர் சுமை ஆட்டோ ஓட்டுகிறவன். குத்தம்பாக்கம் பக்கம் லோடுக்காகக் காத்திருந்தபோது யாரோ அனுப்பியதை வீட்டுக்கு வந்து சத்தமாக வைத்தான். இனிமேல் ஓர் அட்டைக்கு ஆறு பேருக்கு மட்டும்தான் அரிசி, அதற்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் கிடையாது என்று ஒரு குரல் அவசரமாகச் சொல்லி முடித்தது. யார் குரல், எந்த அலுவலகம் என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் ஷாகிதா கஜபதியிடம் போனாள்.

“எங்குளுக்கு ஆர்டரு எதுவும் வர்ல யக்கா. வந்தா மொத அடி எனக்குத்தான் வுழும்.”

“வராதுன்னு சொல்றியா?”

“வராதுன்னு நான் எப்டி சொல்றது? வர்லன்னு சொல்றேன்.”

அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்து அரிசி அளந்தாள். ஆறு பேரோடு நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஆறாவது டம்ளரில் கையை நிறுத்தினாள். ஜுனைத்தோடு நின்றது. சனாவும் ஹனியாவும் அவளும் வெளியே. வரிசையைத் தலைகீழாக்கி, பிள்ளைகளிடமிருந்து தொடங்கிப் பார்த்தாள். மாமா வெளியே போனார். அன்று சோறு குழைந்துவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் நினைவு தெரிந்து அவள் சோற்றைக் குழைய விட்டதில்லை.

அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை முடித்து வந்த கணவர் ஃபயாஸ் ஒரு வழி சொன்னார். முதஸ்ஸிரும் மெஹக்கும் ஹனியாவும் தனி அட்டை வாங்கிவிட்டால், செய்தி உண்மையானாலும் பொய்யானாலும் யார் பெயரும் தொங்காது. கேட்க எளிதாக இருந்தது. ஆனால் புது அட்டைக்கு மனுப் போடுவதற்கு முன் பழைய அட்டையிலிருந்து மூன்று பெயர்களையும் நீக்க வேண்டும். பிறகு வழங்கல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அவர்கள் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லை என்று எழுதிவிட்டால் அந்த மூன்று பேரும் இந்த அட்டையிலும் இல்லை, அந்த அட்டையிலும் இல்லை.

பெயர்கள் நீங்கிய தாள் கைக்கு வந்த அன்று ஷாகிதா அதை இரண்டு தடவை படித்தாள். “செத்தாத்தான் பேர எடுப்பாங்கன்னு நெனச்சினு இருந்தேன்” என்று மெஹக்கிடம் சொல்லிவிட்டு, உடனே வாயில் லேசாக அடித்துக்கொண்டாள்.

பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே, மெஹக்குக்கு ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வந்தன. ஏற்பாட்டை ஷாகிதா குஞ்சம் கட்டும் அதே நுணுக்கத்தோடு செய்தாள். தனி உப்பு ஜாடி. தனி மிளகாய்த்தூள் டப்பா. புது மாதிரித் தெரியாமல் இருக்க அஞ்சறைப்பெட்டியில் கொஞ்சம் மஞ்சளைச் சிந்தியும் வைத்தாள். கரித்துணிகூட இரண்டாகக் கிழிக்கப்பட்டது.

ஆய்வுக்கு வந்த திவ்யாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், சொல்லாமல் வந்தார். முன்சமையலறை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைத் திறந்து பார்த்தார். குழம்பு, பெரிய சட்டி நிறைய. சோற்றுப் பானையைத் தேடினார். இல்லை. பின்னறைக்குப் போய் மெஹக்கின் அடுப்பைப் பார்த்தார். சோறு, பெரிய குண்டான் நிறைய. குழம்பைத் தேடினார். அங்கே அது இல்லை.

விஷயம் இதுதான். முன்னடுப்பின் ஒரு பர்னர் பழுதாகி நான்கு வருடம் ஆகிறது. சோறு இறங்கினால்தான் குழம்பு ஏறும். அத்தனை நாள் கழித்து வீட்டில் இன்னொரு நெருப்பு வந்ததும், ஷாகிதாவின் கை தன்னைக் கேட்காமலே சோற்றை அதில் ஏற்றி, குழம்பை இதில் ஏற்றிவிட்டது. அடுப்பை ஆளுக்குப் பிரிக்காமல் பதார்த்தத்துக்குப் பிரித்திருந்தாள். திவ்யா இரண்டாவது மூடியைத் திறக்கும் வரை அது அவளுக்கே தோன்றவில்லை.

“இங்க மூணு பேர்தானே?” என்றார் திவ்யா.

“ஆமா மேடம்” என்றாள் மெஹக்.

“மூணு பேர் இவ்ளோ சோறு சாப்பிடுவீங்களா? வெறும் சோறாவே?”

மெஹக் குண்டானைப் பார்த்தாள். பிறகு ஷாகிதாவைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து ஷேக் தாவூத் உதவிக்கு வந்தார்.

“நான் ரெண்டு ஊட்லயும் துன்னுவேன் மேடம்.”

“நீங்க எந்தக் கார்டு ஐயா?”

“அதாம்மா எனக்கும் வெளங்கல.”

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தைக் குனிந்து பார்த்து அதை மறைத்தார். ஷாகிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை பேனா முனையில் இருந்தது.

“மேடம், தப்பு என்னுது. நான்தான் பயக்க தோஷத்துல வெச்சிட்டேன். அந்தக் கொயந்த பேரு எதுலயும் இல்லாத கீது. அத மட்டும் பாத்து எழுதுங்க.”

திவ்யா பேனாவை மூடினார். “இன்னிக்கு நான் எதுவும் எழுதல. வியாழக்கிழமை திரும்ப இந்தப் பக்கம் வருவேன். நான் எழுதறது நான் பாக்கறதாத்தான் இருக்கணும். புரியுதா?”

“புரிஞ்சிடுச்சி மேடம்.”

வியாழக்கிழமை மெஹக் சமைத்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவள் முழுதாக ஒரு குழம்பு வைத்தது அதுதான் முதல் தடவை. நறுக்குவதும் கழுவுவதும் அவள் வேலையாக இருந்ததே தவிர, உப்புப் போடுவது ஷாகிதாவின் வேலை. ஆவடியில் அவள் அம்மா வைக்கிற மாதிரி, காரம் குறைத்து, மாங்காய் போட்டுப் பருப்புக் குழம்பு. ஷாகிதா இரண்டு தடவை பின்னறை வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பினாள். திவ்யா வந்தார், மூடிகளைத் திறந்தார், எழுதினார், போனார். மதியம் ஷேக் தாவூத் மெஹக்கின் குழம்பை இரண்டாம் கரண்டி கேட்டு வாங்கினார். மருமகள் இருவருக்கும் பொதுவாகச் சுவரைப் பார்த்து, “நல்லாத்தான் கீது” என்றார்.

அதன் பிறகு இருபத்தோரு நாள் காத்திருப்பு. அட்டையில் ஆறு பெயர், பந்தியில் ஒன்பது பேர். சமையல் பழையபடி ஒன்றாகவே நடந்தது. ஷாகிதா ஒன்பது டம்ளரையும் அளந்தாள். பெரியவர்களுக்கு மட்டும் குவிப்பது நின்று தலைதட்டலானது. தன்னுடைய டம்ளரில் கைக்கு வந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. அதை மெஹக் கவனித்தாள்.

ஒரு மாலையில் முதஸ்ஸிரின் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது. ஷாகிதா அதை வாங்கி ஹனியாவின் பெயர் இருக்கிறதா என்று தேடினாள். செய்தியில் பெயர் எதுவும் இல்லை, எண் மட்டும் இருந்தது. “நம்பரு போட்டுக்கீறாங்க” என்று நம்பிக்கையில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஆறு பேர் விவகாரம் மெய்யா பொய்யா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கஜபதிக்கு ஆர்டரும் வரவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது மெஹக் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, நாளைக்கு எங்குளுக்கு நானே வெச்சிக்கட்டா?”

ஷாகிதா தேய்த்துக்கொண்டிருந்த குண்டானை ஒருமுறை திருப்பினாள். “மேடம் இனிமே வர மாட்டாங்கம்மா.”

“தெரியும்க்கா.”

ஷாகிதா குண்டானை அலசிக் கவிழ்த்தாள். “சனாவுக்கு ஒன் மாங்கா கொயம்பு புடிச்சிப் போச்சி. அதுக்கு ஒரு கரண்டி எடுத்து வெய்யி” என்றாள் ஷாகிதா.

மறுநாள் காலை அரிசி டிரம்மின் முன் உட்கார்ந்தபோது, அவள் பக்கத்தில் பெரிய குண்டானோடு ஒரு சின்னக் குண்டானும் இருந்தது. பின்னறையில் மெஹக்கின் லைட்டர் இரண்டு தடவை சொடுக்கி, மூன்றாவதில் பற்றிக்கொண்டது.

“மாமா… அவரு…” பெரியதில் விழுந்தன. “முதஸ்ஸிரு… மெஹக்கு…” கை சின்னதுக்குப் போனது. அஃப்ரா, ஜுனைத், சனாவுக்குத் திரும்பி வந்தது. ஹனியாவுக்கு மறுபடி போனது, தலைதட்டி. “அப்புறம் நானு.” வரிசை மாறவில்லை. பிறகு சின்னக் குண்டானை ஒரு தட்டால் மூடி, உட்கார்ந்தபடியே கையை நீட்டி, பின்னறையின் வாசற்படிக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.