போன வருஷத்து அரையாண்டுக் கணக்கு

என் மனைவி இறந்த வருஷம், எனக்கென்று ஒரு மனிதர்கூட இல்லை என்று தீர்மானமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைப் பதினைந்து மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். கடைசியில் அதைக் கெடுத்தது ஒரு சட்டத் திருத்தம்.

எண்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லுக்கு வெளியே, டவுன் பஸ்ஸில் அரை மணி நேரப் பயணத்தில், வெட்ட வெளியில் ஒரு நூற்பாலை. அங்கே நான் கணக்கர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எட்டாம் நாள் போய்விட்டாள். ஜூலை ஆறாம் தேதி சாயங்காலம் போனாள், ஏழாம் தேதி எடுத்தோம்.

மில்லிலிருந்து மேனேஜர் மாலையோடு வந்தார், ஃபிட்டர்கள் வந்தார்கள், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்கூட சைக்கிளில் வந்து போனார். பாய் மட்டும் வரவில்லை. பாய் என்பது எங்கள் காசாளர். பேகம்பூர்க்காரர். ஒன்பது வருஷம் என் மேஜைக்கு அடுத்த மேஜை. என் மனைவி கொடுத்தனுப்பும் புளியோதரையில் பாதி அவருக்குத்தான் போகும். அவர் வீட்டுப் பெருநாள் சேமியா எங்கள் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்டவர் வரவில்லை.

எனக்கு வாய்த்த குணம் பொல்லாதது. சண்டை போட மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பாயிடம் வவுச்சர், சாவி, கையெழுத்து என்ற மூன்று விஷயம் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் டீ வாங்கி வைத்தால் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கைந்து முறை வைத்தார், பிறகு விட்டுவிட்டார். மார்ச் மாதம் மில்லை விட்டே போனார். அவருடைய மச்சானின் தோல் மண்டியில் கணக்கு எழுதப் போகிறார் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். போகிற அன்று என் மேஜைக்கு வந்து, “வாரேன் சார்” என்றார். நான் தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு வீடு, பஸ், மில், பஸ், வீடு. ஒரு மெஸ்ஸில் காலையும் மதியமும். இரவுக்கு மோர் ஊற்றிய சோறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சே இருக்காது. திங்கட்கிழமை காலை கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரக்கும். துக்கம் என்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாராவது வந்து எதையாவது கேட்க மாட்டார்களா என்று இருக்கும். கேட்கிறவனை நானே முகத்தைக் காட்டித் துரத்திவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதுக் கணக்கு முறை வந்து சேர்ந்தது.

எங்கள் கம்பெனியின் பங்குகள் சென்னைப் பங்குச் சந்தையில் விற்கிறவை. ஆகவே வருஷக் கணக்கு போக, செப்டம்பர் முடிந்ததும் அரையாண்டு லாப நஷ்டத்தையும் பத்திரிகையில் போட வேண்டும். மில்லில் அதுவரை பல செலவுகளைப் பணம் கையை விட்டுப் போகிற நாளில்தான் எழுதுவோம். செப்டம்பரில் எரிந்த கரண்டுக்கு அந்த மாதக் கடைசியில் பில் வரும், அக்டோபரில் பணம் கட்டுவோம். கட்டிய பிறகுதான் அது கணக்கில் ஏறும். அரையாண்டு லாபம் அந்த அளவுக்குக் கொழுத்துத் தெரியும். இனி அப்படி எழுதக் கூடாது, செலவு எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதத்திலேயே எழுத வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. வருஷக் கணக்கு மார்ச்சில்தானே, அப்போது மாற்றிக்கொள்ளலாம், அரையாண்டை ஏன் கெடுக்க வேண்டும் என்றார். மதுரையிலிருந்து வந்த ஆடிட்டர் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். முதல் அரை வருஷத்தைப் படியாலும் அடுத்த அரை வருஷத்தைத் தராசாலும் அளந்து கூட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டார். மார்ச்சில் எந்த முறையோ அதே முறைதான் செப்டம்பரிலும். அதோடு விடவில்லை. பத்திரிகையில் இந்த வருஷத்து அரையாண்டுக்குப் பக்கத்தில் போன வருஷத்து அரையாண்டும் அச்சாகும், இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் போன வருஷத்தையும் புது முறையில் திருப்பிப் போட வேண்டும் என்றார். இரண்டு வாரம் கெடு.

போன வருஷம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அவர் சாதாரணமாகச் சொன்னார். மனிதன் ஒரு தடவை கடந்து வருவதே பெரிய பாடாக இருந்த ஆறு மாதத்தை, ஒவ்வொரு வவுச்சராக மறுபடி புரட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஏப்ரலை எடுத்தேன். பஞ்சு லாரி வாடகை, கரண்டு, எண்ணெய், பேரிங். ஒவ்வொன்றையும் அதற்குரிய மாதத்துக்கு மாற்றி எழுதினேன். வவுச்சரில் என் கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கும். இந்தத் தேதியில் அவள் இருந்தாள், இந்தத் தேதியிலும் இருந்தாள் என்று மனம் தனியாக ஒரு கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. மே முடிந்தது. ஜூன் முடிந்தது. ஜூலை வவுச்சர்க் கட்டை இரண்டு நாள் பிரிக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தேன்.

ஜூலையில் ஒரு பழைய மானக்கேடும் இருந்தது. அந்த மாதத்தில் மட்டும் பில்கள் வந்த நாளிலேயே, அன்றாடச் செலவை எழுதுகிற டே புக்கில் ஏறியிருந்தன. ஆகஸ்டில் பணம் கட்டியபோது அவையே மறுபடியும் ஏறின. ஒரே பில் இரண்டு செலவு. வருஷக் கணக்கின்போது ஆடிட்டரின் ஆட்கள் இதைப் பிடித்து, ஜூலையில் எழுதியவற்றைச் சிவப்பு மையால் அடித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். மனசு சரியில்லாத நேரம், தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். உண்மையில் அந்த மாதம் நான் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவே இல்லை. வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்களின் பேச்சைத் தாங்க முடியாமல் காரியத்துக்குக்கூடக் காத்திராமல் ஐந்தாம் நாளே மில்லுக்குப் போய்விட்டேன். போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். டே புக் ஒரு நாள் பாக்கியில்லாமல் நிரம்பியிருந்தது. அது என் புத்தகம். அதனால் நான்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த நிலையிலும் வேலையை நிறுத்தாதவன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் ஜூலையைப் பிரித்தேன். மாற்றி எழுத ஒன்றுமே இல்லை. கரண்டு அதற்குரிய இடத்தில் இருந்தது, லாரி வாடகை அதற்குரிய இடத்தில் இருந்தது. ஆறு மாதத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் புது முறைப்படி எழுதப்பட்டிருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம், சிவப்பு மையால் அடித்த வரிகளை மறுபடி உயிரோடு எடுத்துக்கொள்வதுதான்.

அடித்த வரிகளைப் படிக்க வேண்டியிருந்ததால் புத்தகத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்போதுதான் கோடுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு பக்கத்துக் கூட்டுத்தொகைக்கும் கீழே இரட்டைக் கோடு போடுவது வழக்கம். நான் அதை வெறும் கையால் போடுகிறவன். கையால் போட்டாலும் நேராக வரும் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஜூலைப் பக்கங்களில் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போடப்பட்டிருந்தன. எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது. என்னுடைய ‘ஐந்து’ மாதிரியே ஐந்து, என்னுடைய ‘ஏழு’ மாதிரியே ஏழு. ஆனால் மில்லில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ஆள் ஒருவர்தான். காசாளர் எழுதும் கேஷ் புக்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, இருந்தாலும் பார்த்தேன்.

ஏழாம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். அன்று சம்பள நாள். கூலிப் பட்டியலைக் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது கணக்கர், பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியது காசாளர். அன்றைய பட்டியலில் இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து இருந்தது. பாயின் கையெழுத்து.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜையிலிருந்த புதுக் காசாளர் என்ன சார் என்றார். தலைவலி என்றேன். வெட்கமாக இருந்தது. பதினைந்து மாதம் ஒரு மனிதனை நான் மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோல் மண்டியைத் தேடிக்கொண்டு பேகம்பூர் போனேன். ஜூலை மாதத்தில் ஏன் மாற்றமே இல்லை என்று ஆடிட்டர் விளக்கம் கேட்டிருக்கிறார், அதற்காகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்புப் போட்டு அடுக்கிய தோல்களின் வாடை தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டது. பாய் உள்ளே ஒரு சிறிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். தாடி நரைத்திருந்தது. மேஜையில் அந்த மர ஸ்கேல்.

என்னைக் கண்டதும் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் புது முறையைப் பற்றியும், சிவப்பு மை பற்றியும், கோடுகளைப் பற்றியும் கடகடவென்று சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நீங்க வருவீங்க, உக்காருவீங்க, பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு அப்பிடியே இருப்பீங்க,” என்றார் பாய். “அஞ்சரைக்கு நீங்க பஸ்ஸுக்குப் போனப்புறம் நான் எழுதி வச்சிருவேன். ரெண்டு கையெழுத்து தெரிஞ்சா மேனேஜர் உங்களக் கூப்ட்டுக் கேப்பாருல்ல, அதான் உங்க எழுத்து மாதிரியே எழுதுனேன். பில்லு எங்கயாச்சும் தொலஞ்சு போயிருமோன்னு வந்த அன்னைக்கே ஏத்திட்டேன். அது தப்புன்னு எனக்குத் தெரியாது சார்.”

இப்போது அதுதான் சரியான முறை என்று சொன்னேன். ஜூலை மாதம் காசாளர் எழுதியது, திருத்தத் தேவையில்லை என்று ஆடிட்டருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். என் பேரு எதுக்கு சார் என்று கூச்சப்பட்டார். ஏன் அன்றைக்கு வரவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார், சம்பள நாள், ஆட்கள் எல்லாரும் கேட்டில் நின்றார்கள், இரண்டு பேரும் இல்லையென்றால் பணம் கிடைத்திருக்காது என்று. மறுநாள் வேலை முடிந்து ராத்திரி சந்துவரைக்கும் வந்தாராம். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

“ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல?” என்றேன். என் குரல் கொஞ்சம் கோபமாகவே வந்தது.

“நீங்க கேக்கவே இல்லையே சார். பக்கத்துலதான இருந்தேன்.”

அவர் டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது. சூடாக இருக்கும்போதே குடித்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரிதான் இருந்தது. புது முறையில் லாபம் எவ்வளவு குறைகிறது, மேனேஜர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். போன வருஷத்து எண்கள் ஒப்பிடும்படி திருத்தி அமைக்கப்பட்டுள்ளன என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் போதும், சட்டத்துக்கு அது போதுமாம் என்றேன். இருவரும் லேசாகச் சிரித்தோம்.

கிளம்ப எழுந்தேன். அவரும் எழுந்தார். வாசல்வரை வந்தவர், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப்போலக் கேட்டார்.

“வீட்ல இப்ப யாரு சார் சமைக்கிறா?”

அவள் போனதிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரும் இல்ல பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘யாரும்’ வரைக்கும்தான் வந்தது. அந்தத் தோல் மண்டி வாசலில், போகிற வருகிற ஜனங்கள் பார்க்க, நான் முதல் தடவையாக அழுதேன்.